பெயிண்டுக்குக் கீழே: பழைய ஸ்கூட்டரும் வாங்குகிறவரின் ஆசையும்

ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. வாங்கியவருக்கு விவரம் பத்தாது என்பது ஒன்று. விற்றவன் பிராடு என்பது இன்னொன்று. நாற்பது, ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களைப் 'புதுப்பித்து' விற்கும் சந்தையில் இந்த இரண்டு விளக்கங்களுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். தெரிந்துகொள்ள வழி இருந்தும், சட்டைப் பையில் காந்தத் துண்டு இருந்தும், அதை வெளியே எடுக்காமல் ஏமாறுகிறார்கள். விற்பவரோ பல சமயங்களில் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. வந்தவர் எதைப் பார்க்க வந்திருக்கிறாரோ அதைத் தயாரித்து முன்னால் நிறுத்துகிறார். மோசமாகப் புதுப்பிக்கப்பட்ட ஸ்கூட்டரை அரைகுறை வேலை என்று மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. வாங்குகிறவரின் ஆசையைப் பட்டறைக்காரர் துல்லியமாக வாசித்து எழுதிய பிரதி அது. இந்த வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

காந்தத் துண்டு என்று உவமைக்காகச் சொல்லவில்லை. என் நண்பன் ஒருவன், கணினி வேலை பார்க்கிறவன், மதுரையில் ஒரே தெருவில் வளர்ந்தோம். அவனுடைய அப்பா எண்பதுகளில் பெயர் பதிந்து வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பஜாஜ் ஸ்கூட்டரில், முன்பக்கத் தட்டில் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பள்ளிக்கூடம் போனான். 2009 வாக்கில் அந்த வண்டியை இரண்டாயிரம் ரூபாய்க்குப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். அன்றைக்கு யாரும் அழவில்லை. இடம் அடைக்குது என்று அவன் அம்மா சந்தோஷப்பட்டதுதான் எனக்கு ஞாபகம். ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் அவனுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு வருடம் படித்தான். எந்த மாடலுக்கு எந்த ஹெட்லைட், எந்த வருடத்தில் எந்தக் கார்புரேட்டர் என்று ஒப்பிப்பான். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் வண்டி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

வானநீலமும் வெள்ளையுமாக நின்றது வண்டி. வெள்ளைப் பட்டை போட்ட டயர்கள், பின்னால் குரோமியம் பூசிய ஸ்டெப்னித் தாங்கி, பழுப்புத் தோல் சீட். முன்னால் வெஸ்பா என்று சாய்ந்த எழுத்தில் ஒரு பித்தளைப் பெயர். ஆர்.சி. புத்தகத்தில் 1974ஆம் வருடத்து பஜாஜ் 150 என்று இருந்தது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் பட்டறைக்காரர். அது முழுப் பொய்யும் இல்லை. அறுபதுகளில் பஜாஜ் கம்பெனி இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் வாங்கி வெஸ்பாவைத்தான் செய்துகொண்டிருந்தது. 1971ல் உரிமம் நீட்டிக்கப்படாமல் போனபின் அதே உடம்புக்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது, 1972ல் சேத்தக் வந்தது. ஆனால் 1974ஆம் வருட வண்டியின் நெற்றியில் வெஸ்பா என்ற எழுத்து இருக்க முடியாது என்பது என் நண்பனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிரித்துக்கொண்டான். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேசி முடித்தான். வெளியே வந்து, "காந்தம் வெச்சுப் பாக்கலையாடா?" என்றேன். "வேணாம் மாப்ள, அவரு முன்னாடி அதை எடுத்தா அசிங்கமா இருக்கும்" என்றான்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள், தன் ஐந்து வயது மகளை முன்னால் நிற்க வைத்து ஓட்டி வந்தபோது வேகத்தடையில் ஏறி இறங்கியதும் தட்டு காலுக்குக் கீழே அமுங்குவது போல இருந்திருக்கிறது. குழந்தையை இறக்கிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே வந்தான். எங்கள் தெருமுனையில் முப்பது வருடத்துக்கு மேல் பஜாஜும் லாம்ப்ரெட்டாவும் பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியைச் சாய்த்துப் படுக்கப்போட்டு, அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். உள்ளே போய்விட்டது. வெண்ணெயில் கத்தி மாதிரி. "தம்பி, இதுல இரும்பு கம்மி. பட்டிதான் ஜாஸ்தி" என்றார். தோண்டத் தோண்டப் பட்டி. அதற்குக் கீழே ரிவெட் அடித்த எண்ணெய் டின் தகடு. தகட்டுக்குப் பின்னால், குறுக்குச் சட்டம் இருக்க வேண்டிய இடத்தில், துருத்தூள்.

இதன் பயங்கரம் புரிய வேண்டுமானால் வெஸ்பாவின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு எலும்புக்கூடு உண்டு. குழாய்களால் ஆன சட்டம், அதன்மேல் எஞ்சின், டாங்க். லாம்ப்ரெட்டாவுக்கும் அப்படித்தான், நடுவில் ஒரு பெரிய குழாய். மேலே இருக்கும் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டும் ஓட்டலாம். 1946ல் கொராதினோ தஸ்கானியோ வரைந்த வெஸ்பாவுக்கு எலும்புக்கூடு கிடையாது. அவர் விமானமும் ஹெலிகாப்டரும் வடிவமைத்த பொறியாளர். போரில் நொறுங்கிப்போன விமானத் தொழிற்சாலை ஒன்று சமாதானக் காலத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பிறந்த வண்டி அது. விமானத்தின் உடல்போல, அழுத்தி வளைத்த எஃகுத் தகடே பாரத்தைத் தாங்குகிறது. முன் சக்கரத்தில் விழும் அடி ஹேண்டில்பார்த் தண்டு வழியாக முன்தகட்டுக்கு வந்து, காலடித் தட்டைக் கடந்து, அதன் நடுவே மேடாக ஓடும் முதுகு வழியாகப் பின்பக்கம் போய்ச் சேருகிறது. அதாவது நாம் கால் வைக்கும் இடம்தான் வண்டியின் இடுப்பு. மழைத் தண்ணீரும் சேறும் போய்த் தங்குவதும் அதன் அடியில்தான். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தால் இடுப்பு திரும்பக் கிடைக்கும். பட்டி வைத்துத் தேய்த்து மெழுகினால் இடுப்பின் படம் மட்டும் கிடைக்கும். பட்டி காயும், வழவழக்கும், பெயிண்டை அழகாக ஏந்திக்கொள்ளும். இழுவிசையைத் தாங்காது.

நம்முடைய சிறுபத்திரிகை மரபில் இன்னொன்றைக் கற்றுக்கொண்டோம். ஆழம் என்று ஒன்று இல்லை, எல்லாம் மேற்பரப்புதான், உள்ளே ஏதோ சாரம் ஒளிந்திருப்பதாக நம்புவது பழைய அப்பியாசம் என்று. தொண்ணூறுகளின் இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்த என் தலைமுறைக்கு இது பால பாடம். வெஸ்பா விஷயத்தில் இது எழுத்துக்கு எழுத்து உண்மை. அங்கே தோலுக்கு அடியில் எலும்பு கிடையாது, தோல்தான் எலும்பு. அதனால்தான் தோல் போலியானால் ஐந்து வயதுக் குழந்தை நிற்கும் இடம் அமுங்குகிறது. மேற்பரப்பே எல்லாம் என்றால் மேற்பரப்பைத்தான் ரொம்பக் கவனமாகச் சோதிக்க வேண்டும். நாங்கள் பாடத்தின் முதல் பாதியோடு வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டோம் போலிருக்கிறது.

சரி, ஏன் சோதிக்கவில்லை?

ஒரு காரணம் ஸ்கூட்டர் என்ற பண்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இத்தாலிய ஸ்கூட்டரைப் பற்றி 1981ல் டிக் ஹெப்டிஜ் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. ஸ்கூட்டரின் வரலாறே எந்திரத்தை மூடிய வரலாறு என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 1947ல் வந்த முதல் லாம்ப்ரெட்டாவில் எஞ்சின் திறந்து கிடந்தது. 1950ல் வந்த எல்.சி. மாடலில் பக்கவாட்டு மூடிகள் வந்துவிட்டன. வெஸ்பா பிறக்கும்போதே மூடிக்கொண்டு பிறந்தது. தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பிடிக்காது; உடையில் கிரீஸ் படக்கூடாது, பாவாடை கட்டிய பெண்ணும் ஏறி உட்கார வேண்டும், சக்கரம் கழற்றுவது சுலபமாக இருக்க வேண்டும். இதெல்லாம் நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு ஒப்பந்தமும் எழுதப்பட்டது: நீ உள்ளே பார்க்க வேண்டாம், ஓட்டினால் போதும். எந்திரத்தைத் தெரிந்தவன் வேறு, அதை அனுபவிப்பவன் வேறு என்று பிரிக்கிற ஒப்பந்தம். ரோலண்ட் பார்த் 1957ல் வெளியிட்ட தொன்மங்களைப் பற்றிய நூலில் ஒரு சித்ரோயன் காரின் தையல் தெரியாத வழவழப்பு எப்படித் தெய்வீகமாக வாசிக்கப்படுகிறது என்று காட்டியிருப்பார். தையல் தெரிந்தால் அது மனிதன் செய்தது. தெரியாவிட்டால் வானத்திலிருந்து இறங்கியது. பட்டி என்பது தையலை அழிக்கும் பொருள். மோசமான புதுப்பித்தல், ஸ்கூட்டர் பிறந்தபோது கொடுத்த அந்த வாக்குறுதியைக் கடைசி எல்லைவரை கொண்டு போகிறது.

ஆனால் இத்தாலியின் ஒப்பந்தம் இங்கே அப்படியே செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்ம ஊர் பஜாஜ்காரர் உள்ளே பார்க்காமல் இருந்ததில்லை. காலையில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, நாலு தடவை கிக்கரை உதைத்து, பிளக்கைக் கழற்றி மணல்தாளில் தேய்த்து, மறுபடி உதைத்து... ஆபீஸ் உடையில் கிரீஸ் பட்டே தீரும். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாக்களை யாரால் மறக்க முடியும்? இறக்குமதிக் கட்டுப்பாடு, உற்பத்திக்கு உச்சவரம்பு, பத்து வருடம்வரை நீண்ட காத்திருப்போர் பட்டியல், கிடைத்த வண்டியைக் கைமாற்றினால் வாங்கின விலைக்கு மேலே கிடைக்கும் என்ற நிலைமை. அந்தக் காலத்து ஸ்கூட்டர் என்பது ஓயாத பழுதுபார்ப்பு. வரதட்சிணைப் பட்டியலில் அது இருந்தது. பெயருக்கு முன்னால் நின்ற வரிசையில் சாதியும் சம்பளமும் சிபாரிசும் இருந்தன. எங்கள் தெருவில் அந்த வரிசையிலேயே சேர முடியாதவர்கள்தான் அதிகம். அவர்கள் சைக்கிளில் போனார்கள். என் அப்பாவும்தான்.

இப்போது அந்த வண்டியைத் திரும்ப வாங்குகிறவர் இதில் எதைத் திரும்ப வாங்குகிறார்? சாய்த்து ஸ்டார்ட் செய்வதையா? சிபாரிசுக் கடிதத்தையா? அவருக்குக் கடந்த காலம் வேண்டும், வரலாறு வேண்டாம். துரு, ஒட்டு, ஒடுக்கு, அப்பா கையால் அடித்த மட்டமான பெயிண்ட், மாமா ஒருமுறை கீழே போட்டதில் விழுந்த கோடு, இவையெல்லாம் அந்த வண்டி உழைத்ததற்கான சாட்சியங்கள். புதுப்பிப்பவரின் முதல் வேலை இந்தச் சாட்சியங்களை அகற்றுவது. பூத்ரியா 1968ல் பொருட்களின் ஒழுங்கமைவு பற்றி எழுதியபோது, பழங்காலப் பொருளுக்கு வேறு உபயோகம் எதுவும் இல்லை, காலத்தைக் குறிப்பதுதான் அதன் வேலை என்று வாதிட்டார். இந்த ஸ்கூட்டர் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. காலத்தைக் குறிக்க வேண்டும், காலம் தன்மேல் பட்டதாகவும் தெரியக்கூடாது. முரண்பாடான இந்தக் கட்டளையை நிறைவேற்ற இரும்பால் முடியாது, பட்டியால் முடியும்.

நிறத்தைப் பாருங்கள். அந்த வானநீலமும் வெள்ளையும் எங்கிருந்து வந்தன? நண்பனுடைய அப்பா வண்டி மங்கிய பச்சை. அந்தக் கால வெஸ்பாக்கள் பெரும்பாலும் ஒற்றை நிறத்தில்தான் தொழிற்சாலையை விட்டு வந்தன; 1955ல் வந்து பெரும்பேர் வாங்கிய ஜி.எஸ். 150 சாம்பல் வெள்ளி நிறம். உலகம் முழுக்க வெஸ்பாவைக் கனவாக்கிய சினிமா 'ரோமன் ஹாலிடே', 1953. அது கறுப்பு வெள்ளைப் படம். 1960ல் வந்த ஃபெல்லினியின் 'லா தோல்சே வீட்டா'வும் கறுப்பு வெள்ளைதான். ஆக, எந்த நினைவிலிருந்து இந்த இரட்டை நிறம் எடுக்கப்பட்டது? எந்த நினைவிலிருந்தும் இல்லை. காப்பிக் கடைச் சுவரொட்டி, திருமண ஆல்பத்துக்கு வாடகைக்கு விடும் அலங்கார வண்டி, துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் வண்டி, இவற்றைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் உருவான ஒரு 'பழைய காலம்'. நண்பனுக்கு அது தெரியும். ஆனாலும் மங்கிய பச்சையில் ஒரு வண்டி நின்றிருந்தால், அது அவன் அப்பாவின் வண்டியாகவே இருந்திருந்தாலும், அவன் ஒரு லட்சம் கொடுத்திருக்க மாட்டான். இதை அவனே ஒப்புக்கொண்டான்.

பொருளாதாரக்காரர்கள் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவிட வேண்டும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை பிரசித்தம். அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக 2001ல் அவருக்கு நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் சொல்வது எளிது. வண்டியின் தரம் விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவன் நல்லதும் கெட்டதும் கலந்த சராசரிக்குத்தான் விலை கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது. அவன் சந்தையை விட்டுப் போவான். மிச்சம் நிற்பவை கெட்டவை. இப்படியே சராசரி கீழே கீழே இறங்கும். பழைய ஸ்கூட்டருக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஒழுங்காக வேலை செய்யும் டிங்கர், பெயிண்டை முழுக்கச் சுரண்டி, அழுகியதை வெட்டி, தகடு வளைத்து, கோணல் பார்த்து வெல்டிங் வைத்து, அதன்பின் காகித கனத்துக்கு மட்டும் பட்டி பார்ப்பார். மாதக்கணக்கில் வேலை. கடைசியில் அதன்மேலும் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் அவருடைய வண்டியும், பத்து நாளில் மெழுகிய வண்டியும் புகைப்படத்தில் ஒன்றுதான். சொல்லப்போனால் மெழுகிய வண்டி இன்னும் பளபளக்கும், ஏனென்றால் அதில் கூலி முழுவதும் மேற்பூச்சுக்கே போயிருக்கிறது. நல்ல டிங்கர் தன் உழைப்பைக் காட்ட வழியில்லாமல் தோற்கிறார்.

இதுவரை சரி. ஆனால் அகெர்லாஃபின் வாங்குகிறவன் தெரிந்துகொள்ள விரும்புகிறவன். வழி இல்லாததால் ஏமாறுகிறவன். என் நண்பன் பையில் வழி இருந்தது. காந்தம் இரும்பில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. ஒரு நிமிட வேலை. 'அசிங்கமா இருக்கும்' என்றானே, அந்த அசிங்கம் பட்டறைக்காரருக்கு இல்லை. இவனுடைய கனவுக்குத்தான். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்திருந்தால் அவன் வெறுங்கையோடு ஊர் திரும்பியிருக்க வேண்டும். அப்பா, பச்சை வண்டி, தட்டில் நின்றபடி போன காலைகள் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு. அறியாமையை இப்படி நாமே பாடுபட்டுத் தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கும் உழைப்பு தேவைப்படுகிறது. ஒரு வருடம் உட்கார்ந்து கார்புரேட்டர் எண்களைப் படித்ததுகூட அந்த உழைப்பில் சேர்த்திதான் என்று இப்போது தோன்றுகிறது. எண்களைத் தெரிந்துகொண்டவனுக்கு வண்டியைத் தெரிந்துகொண்டதாக ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

இந்த வியாபாரம் நம் ஊரில் தொடங்கியது அல்ல. உலக அளவில் இதற்கு ஒரு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் சைகோன். அறுபதுகளில் தென் வியட்நாமில் வெஸ்பாக்களும் லாம்ப்ரெட்டாக்களும் நிறைந்து ஓடின. மூன்று சக்கர லாம்ப்ரோக்கள் நம் ஷேர் ஆட்டோபோல ஆளேற்றின. 1975ல் போர் முடிந்தது. அமெரிக்கப் பொருளாதாரத் தடை 1994வரை நீடித்தது. உதிரி பாகம் வராது, புது வண்டி வராது. அந்த இருபது வருடம் அங்கிருந்த மெக்கானிக்குகள் இரண்டு உடைந்த வண்டியை வெட்டி ஒன்றாக ஒட்டினார்கள், டின் தகட்டில் தட்டு செய்தார்கள், கிடைத்த எஞ்சினைக் கிடைத்த உடம்பில் பொருத்தினார்கள். நெரிசலான தெருவில் மெதுவாகப் போக வேண்டிய வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு பழைய வெஸ்பாவா என்று வியந்தார்கள். அதே கைகள் அதே உத்திகளோடு இரட்டை நிறப் பெயிண்டும் அளவுக்கு மீறிய குரோமியமும் சேர்த்து, கப்பலேற்றின. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுஞ்சாலை வேகத்தில் அந்த வண்டிகள் ஒருபக்கமாக இழுத்தன, ஒட்டிய இடத்தில் விரிந்தன. சாதாரண மாடலை ஜி.எஸ். மாதிரி வேஷம் கட்டியதும், உடல் எண்ணை அழித்து மறுபடி அடித்ததும் வெளியே வந்தன. வியட்நாம் ஒட்டுவேலை என்பதே வசைச்சொல் ஆயிற்று.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மிலானில் இன்னசென்ட்டி கம்பெனி 1971ல் லாம்ப்ரெட்டாவை நிறுத்தியதும், அந்த எந்திரங்களை இந்திய அரசு வாங்கி 1972ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. உள்ளூருக்கு விஜய் சூப்பர், ஏற்றுமதிக்கு லாம்ப்ரெட்டா. 1997ல் ஸ்கூட்டர் தயாரிப்பு நின்றது. 2021ல் நிறுவனத்தையே மூட அரசு முடிவெடுத்தது. இத்தாலியில் பிறந்த அச்சுகளிலேயே வார்க்கப்பட்ட அந்த வண்டிகளைப் பழைய விலைக்கு வாங்கி, மெழுகி, இத்தாலிய லாம்ப்ரெட்டா என்று பிரிட்டனுக்கு அனுப்பிய வியாபாரிகள் இங்கே இருந்தார்கள்.

இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். மேற்கத்திய வாங்குகிறவர்களின் வசவில் ஒரு காலனிய வாடை அடிக்கிறது. கையாலாகாத ஆசியர்கள் உன்னதமான இத்தாலியப் பொருளைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கதையாடல். இத்தாலியர்கள் தங்கள் பழைய வண்டிகளை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் குப்பையில் போட்டுவிட்டுக் கார் வாங்கிக்கொண்டிருந்தபோது அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் இந்தக் கையாலாகாதவர்கள்தான். பழுதுபார்த்தல் வேறு, புதுப்பித்தல் வேறு. பழுதுபார்ப்பவன் ஒட்டை மறைப்பதில்லை, மறைக்க அவனுக்கு நேரமும் இல்லை. வண்டி நாளைக்கு ஓட வேண்டும். அந்த ஒட்டு அந்தத் தெருவில், அந்த வேகத்தில், யோக்கியமான ஒட்டு. அதே ஒட்டின்மேல் பட்டி பூசி 'அசல், முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற வாசகத்தை மாட்டிக் கடல் கடத்தும்போது குறிப்பான் மாறிவிடுகிறது; குறிப்பீடு பழைய இடத்திலேயே அழுகிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: இரண்டு உடம்பை வெட்டி ஒட்டி அதற்கு மேலே பெயிண்ட் அடிப்பவருக்கு, அதில் ஒருவர் ஏறப்போகிறார் என்பது தெரியும். வறுமையைக் காரணம் காட்டி அந்தத் தெரிதலை நாம் தள்ளுபடி செய்ய முடியாது. லாபத்தின் பெரும்பகுதி வெல்டிங் வைத்தவன் கைக்குப் போவதில்லை, ஏற்றுமதி செய்தவன் கைக்குப் போகிறது என்பதும் சேர்ந்த உண்மை.

புதுப்பித்தல் பற்றிய இந்தச் சண்டை ஸ்கூட்டரைவிட ரொம்பப் பழசு. 1849லேயே ஜான் ரஸ்கின் கட்டடங்களைப் புதுப்பிப்பதை ஒருவகை அழிவு என்று எதிர்த்தார். 1877ல் வில்லியம் மோரிஸ் பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுசாக்குவதற்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார். நம் ஊரிலும் கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளைச் சிதைத்த கதை உண்டு, பழைய சுவரோவியத்தின்மேல் சுண்ணாம்பு அடித்த கதை உண்டு. அதைச் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பளிச்சென்று இருப்பதுதான் மரியாதை என்ற நம்பிக்கை. குடமுழுக்குக்குப் பிறகு கோபுரம் பார்த்துக் கண் நிறைகிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். எனவே வானநீல ஸ்கூட்டர் முன்னால் நண்பன் நின்ற நிலையை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் மெக்கானிக் அண்ணன் சொன்னதை எழுதிவிடுகிறேன். மேலே பார்க்காதே, படுக்கப்போட்டு அடியில் பார். அடிப்பக்கம் கெட்டியாகத் தார் பூசியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படம் கேள். ஒழுங்காக வேலை செய்தவன் பெருமையாகக் காட்டுவான். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணை உடம்பில் தேடு, எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கிறதா பார். நேர் ரோட்டில் பிடியைத் தளர்த்தி ஓட்டு, ஒரு பக்கம் இழுத்தால் விட்டுவிடு. காந்தம் வை, அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். முடிந்தால் மெழுகாத வண்டியாகப் பார்த்து வாங்கு, துரு தெரிந்தால் நல்லது, எங்கே இருக்கிறதென்று தெரிகிறதே. இதைக் கேட்டுவிட்டு நண்பன், "இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும்ணே" என்றான். "தெரியும்ல?" என்றார் அண்ணன், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

தட்டை முழுக்க அறுத்து எடுத்துவிட்டு, கனத்த தகட்டில் புதிதாக வளைத்து, குறுக்குச் சட்டங்களோடு வெல்டிங் வைத்தார். ஏழு வாரம். இருபத்தெட்டாயிரம் ரூபாய். வெல்டிங் தையல் விரல் கனத்துக்கு வெளியே தெரிகிறது. தேய்த்துவிடட்டுமா என்று கேட்டதற்கு நண்பன் வேண்டாம் என்றுவிட்டான். மேல்பாதி வானநீலம், தட்டு மட்டும் சாம்பல் ப்ரைமர். பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து ஊற்றும்போது, "நல்ல வண்டி சார், எப்ப வேலையை முடிக்கப் போறீங்க?" என்று கேட்கிறார்களாம். மகள் இப்போது உயரமாகிவிட்டாள்; முன்னால் நின்றால் ரோடு மறைக்கிறது என்று பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறான்.